இத்தாலியைத் தேட இத்தாலியப் பெயர் வேண்டும்

மிலான் வரை போய்விட்டு, லியோனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ இருக்கும் கட்டடத்துக்கு வெளியே நின்று செங்கல் சுவரை மட்டும் பார்த்துத் திரும்பிய ஆள் நான். டிக்கெட் தேடாமல் இல்லை, மூன்று இரவு உட்கார்ந்து தேடினேன். ஆனால் ஆங்கிலத்தில் தேடினேன். வந்த முடிவுகள் எல்லாம் வழிகாட்டியையும் சேர்த்து ஒட்டிப் பல மடங்கு விலை சொல்லும் இடைத்தரகர் பக்கங்கள். சரி, நேரில் போனால் கவுண்டரில் கிடைக்காமலா போய்விடும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அம்மா திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, அடுத்த மூன்று வாரத்துக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்துக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயரே வேறு. ‘செனாக்கொலோ வின்ச்சானோ’. அந்தப் பெயரைப் போட்டதும் அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கம் முதலிலேயே வந்து நின்றது. டிக்கெட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகத் திறப்பார்கள், எந்தத் தேதியில் திறப்பார்கள் என்பதை முன்னாலேயே போட்டுவிடுவார்கள், அவ்வப்போது கொஞ்சம் கூடுதல் டிக்கெட்டும் அங்கேயே வரும் என்று எல்லாமே அதில் எழுதியிருந்தது.

இத்தாலியின் கலை, பண்பாடு, பயணம் மூன்றையும் இணையத்தில் புதிதாகத் தேட ஆரம்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயணம் போகப் போகிறவர்கள் மட்டும்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. வீட்டிலிருந்தபடியே பார்க்கவும் நிறைய இருக்கிறது, சில இடங்களில் நேரில் போவதைவிட வீட்டிலிருந்து பார்ப்பதே மேல்.

முதலில் பெயரைப் பிடியுங்கள்

இத்தாலிய மொழி தெரியாமல் இத்தாலியப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். விக்கிப்பீடியாவில் ஓவியத்தின், கட்டடத்தின் அல்லது ஊரின் பக்கத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ திறங்கள். மொழிப் பட்டியலில் ‘இத்தாலியானோ’வைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் பக்கத்தின் தலைப்புதான் உங்களுக்கு வேண்டிய பெயர். அதை அப்படியே நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டுங்கள். அதோடு ‘சீத்தோ உஃபிச்சாலே’, அதாவது அதிகாரபூர்வ தளம், என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துவிட்டால் தரகர் பக்கங்களில் பாதி கழிந்துவிடும். இந்தச் சொற்களையும் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு தடவை போட்டு, எழுத்துக் கூட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்கு ‘பில்யெத்தி’, திறந்திருக்கும் நேரத்துக்கு ‘ஒராரி’, மூடியிருக்கிறது என்பதற்கு ‘க்யூசோ’, முன்பதிவுக்கு ‘பிரெனொத்தாத்சியோனே’, வேலைநிறுத்தத்துக்கு ‘ஷோப்பெரோ’. ஆரம்பத்துக்கு இந்த ஐந்து சொல் போதும்.

இந்தப் பெயர் விஷயத்தில் நமக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தடுமாறும் ஒலிகள் நம்மிடம் எழுத்தாகவே இருக்கின்றன. பொலோஞ்ஞா நகரத்தின் பெயரில் வரும் ஒலி ‘ஞாயிறு’ என்று சொல்லத் தெரிந்த வாய்க்குத் தானாகவே வரும். ஒற்று இரட்டிப்பதும் அப்படித்தான். பனிக்கும் பன்னிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இத்தாலியனில் ‘அன்னோ’ என்றால் வருடம், ஒரே ஒரு ‘ன’ போட்டு ‘ஆனோ’ என்று சொன்னால் உடம்பின் பின்பக்கத்து ஓட்டை என்பதை ஒரு முறை சொன்னால் போதும், அப்புறம் மறக்காது. ‘எனக்கு நாற்பது வயது’ என்று சொல்லும்போது கவனம்.

பிறகு ஒரே ஒரு படம்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது, கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரைத் திறந்து அரை மணியில் ஐந்நூறு படத்தைத் தள்ளிக்கொண்டே போவது. செய்யாதீர்கள், கண் மரத்துவிடும். ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு ஒரு மணி நேரம் இருங்கள்.

எனக்குத் தோதான முதல் படம் அந்த இராவுணவுதான், பார்க்க முடியாமல் போன ஆத்திரமும் சேர்ந்திருக்கலாம். ‘ஹால்டா டெஃபினித்சியோனே’ என்ற இத்தாலிய நிறுவனம் 2007-ல் அதை 1,600 கோடி பிக்சல் அளவுக்குப் படம் பிடித்து இணையத்தில் வைத்தது. முதலில் முழுப் படத்தையும் பாருங்கள். நடுவில் இயேசு, இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேராகச் சீடர்கள், ‘உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்று சொன்ன நொடியில் மேசை முழுக்க ஓடும் பதற்றம். அப்புறம் மெல்ல உள்ளே போங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் முகம் மறைந்து செதில் செதிலாக உரிந்த சுவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். காரணம் இதுதான். சாதாரணமாகச் சுவரோவியம் தீட்டுகிறவர்கள் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வேகவேகமாக வரைவார்கள், பூச்சு காயும்போது வண்ணம் சுவரோடு சேர்ந்து இறுகிவிடும். லியோனார்டோவுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. யோசித்து யோசித்துத் திருத்தி வரையும் ஆள் அவர், அதனால் காய்ந்த சுவரிலேயே வரைந்தார். 1498 வாக்கில் முடித்தார், இருபது வருடத்திலேயே வண்ணம் பெயர ஆரம்பித்துவிட்டது.

படத்தின் கீழ்நடுவில், மேசைக்கு அடியில் ஒரு வெட்டு தெரிகிறதா? 1652-ல் அங்கே கதவு வைக்கச் சுவரை உடைத்தார்கள், இயேசுவின் பாதம் அதோடு போயிற்று. அது துறவிகளின் சாப்பாட்டுக்கூடம், சமையலறைக்குப் போக வழி வேண்டியிருந்திருக்கிறது. 1943-ல் குண்டு விழுந்து கூடத்தின் கூரை இடிந்தது, மணல்மூட்டை அடுக்கி வைத்திருந்ததால் ஓவியச் சுவர் மட்டும் தப்பித்தது. 1978-ல் தொடங்கிய சீரமைப்பு 1999 வரை நடந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் படத்தில் ஒவ்வொரு திட்டாக, எது லியோனார்டோ தீட்டியது, எது பிற்காலத்தில் வெறுமனே நிறம் கொடுத்து விட்டது என்று தேட ஆரம்பிப்பீர்கள், மணி போவது தெரியாது.

இரண்டாவதாக, ஓவியர் போத்திச்செல்லி வரைந்த வீனஸ் தேவி. ஃபிளாரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கூகுள் ஆர்ட்ஸ் 2011-ல் தொடங்கியபோதே அதன் மிகப் பெரிய பிரதி வந்துவிட்டது. கூந்தலில் தங்கக் கீற்று இருக்கிறது, காற்றோடு விழும் ரோஜாக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நேரில் போனால் முன்னால் நூறு பேர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். உஃபிட்சியின் சொந்தத் தளத்தில் ‘இப்பெர்விசியோனி’ என்ற பகுதியும் உண்டு, ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பெரிய படங்களும் குறிப்புகளுமாக நிதானமாகக் கதை சொல்வார்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத் தளத்தில் சிஸ்டைன் சிற்றாலயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் மெய்நிகர் உலா இருக்கிறது. நேரில் போனால் உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது, கூட்டம் தள்ளும், கழுத்து வலிக்கும். 1508-லிருந்து 1512 வரை மிக்கலாஞ்சலோ அண்ணாந்து வரைந்த கூரையை நீங்கள் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டே பார்க்கலாம், நான் நேரில் பார்த்ததைவிட வீட்டில் பார்த்ததுதான் அதிகம். ஆனால் ஒன்று, வத்திக்கான் தனி நாடு. இத்தாலிய அரசின் டிக்கெட் தளங்களிலும் இலவச நாள் பட்டியலிலும் அது வராது, அதன் தளம் தனி, விதி தனி.

அப்புறம் கொஞ்சம் படிப்பு

படம் பார்த்துப் பழகிய பிறகு படித்தால்தான் படித்தது மண்டையில் நிற்கும். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் ஸ்மார்ட்ஹிஸ்டரி தளத்திலிருந்து தொடங்குங்கள். கலை வரலாறு படித்த இரண்டு பேர் ஒரு படைப்பின் முன்னால் நின்று பேசிக்கொள்வது மாதிரியான குறும்படங்கள், பாடம் நடத்தும் தொனி இருக்காது, முழுக்க இலவசம். ஓவியர் வாரியாகத் தேட வெப் கேலரி ஆஃப் ஆர்ட் இருக்கிறது, ஹங்கேரிக்காரர்கள் 1996-லிருந்து நடத்துவது. தோற்றம் அந்தக் காலத்துத் தளம் மாதிரியேதான் இன்னும் இருக்கும், அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள். ஒரு ஓவியரின் படைப்புகளைக் கால வரிசையில், குறிப்போடு பார்க்க இவ்வளவு வசதியான இடம் குறைவு.

இத்தாலியர்களே போய்ப் பார்ப்பது த்ரெக்கானி. 1929-ல் வெளிவரத் தொடங்கிய கலைக்களஞ்சியம், இப்போது இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம், அதிலேயே இத்தாலியப் பெரிய மனிதர்களின் வாழ்க்கை அகராதி ஒன்றும் இருக்கிறது. உலாவியின் மொழிபெயர்ப்பை வைத்தே படித்துவிடலாம், ஆனால் இயந்திரம் ஆளின் பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துத் தொலைக்கும். இத்தாலிய ஓவியர்களில் பாதிப் பேருக்கு நம் ஊர் மாதிரி பட்டப்பெயர்தான் நிலைத்தது. தின்தொரெத்தோ என்றால் ‘சின்னச் சாயக்காரன்’, அப்பா துணிக்குச் சாயம் போடுகிறவர். குவெர்ச்சீனோ என்றால் மாறுகண்காரன். போத்திச்செல்லி என்பது பீப்பாயை வைத்து வந்த பெயர். திடீரென்று ‘மாறுகண்ணன் இந்தப் படத்தை 1621-ல் வரைந்தான்’ என்று திரையில் வந்தால் பயப்படாதீர்கள்.

ஊர்ப்பெயரும் இப்படித்தான். ‘தா வின்ச்சி’ என்றால் வின்ச்சி ஊர்க்காரர் என்று அர்த்தம், அது குடும்பப் பெயர் கிடையாது. ஓவியர் கரவாஜ்ஜோவின் பெயரும் ஊர்ப்பெயர்தான், ஆளின் சொந்தப் பெயர் மிக்கலாஞ்சலோ மெரீசி. இது வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. இத்தாலிய அரசு நடத்தும் பண்பாட்டுச் சொத்துகளின் பொதுப் பட்டியல் என்று ஒரு தளம் இருக்கிறது, லட்சக்கணக்கான பொருள்களின் பதிவு அதில் உண்டு, கிராமத்துத் தேவாலயத்தில் இருக்கும் பலிபீடப் படம்கூடக் கிடைக்கும். அங்கெல்லாம் ‘மெரீசி’ என்ற பெயரில் பதிவு இருக்கலாம். ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு பெயரில் தேடுங்கள்.

நூற்றாண்டைச் சொல்லும் முறையும் குழப்பும். இத்தாலியனில் ‘குவாத்ரொச்சென்தோ’ என்றால் சொல்லுக்குச் சொல் நானூறு, ஆனால் குறிப்பது 1400களை, அதாவது நாம் சொல்லும் 15-ஆம் நூற்றாண்டு. ‘சிங்க்வெச்சென்தோ’ ஐந்நூறு, 1500கள், 16-ஆம் நூற்றாண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு வாரம் எல்லாவற்றையும் நூறு வருடம் தள்ளிப் படித்தேன்.

படங்களை இறக்கி உங்கள் காணொளியிலோ அட்டையிலோ போட நினைத்தால் ஒரு எச்சரிக்கை. ஓவியர் செத்து ஐந்நூறு வருடம் ஆனாலும், அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் படைப்பின் உருவத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்று இத்தாலியின் 2004-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. படிக்க, ரசிக்க, பாடம் சொல்லித் தர என்றால் கவலை இல்லை.

இன்றைய இத்தாலி

பழைய ஓவியத்திலேயே மூழ்கிவிட்டால் அந்த ஊரில் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மறந்துவிடும். ராய் என்பது அவர்களின் அரசு ஒலிபரப்பு, அதன் ராய்ப்ளே சவுண்ட் செயலியில் வானொலியும் ஒலித்தொடர்களும் கேட்கலாம். காணொளிகளில் சில வெளிநாட்டில் திறக்காது. ஸ்கைலைன் வெப்காம்ஸில் ட்ரேவி நீரூற்றும் வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கமும் நேரலையில் ஓடிக்கொண்டே இருக்கும், எந்த நேரத்தில் கூட்டம் எவ்வளவு என்று பார்க்க அதைவிட நேர்மையான தளம் கிடையாது. சாப்பாட்டுக்கு ஜல்லோ சஃபெரானோ என்ற சமையல் தளம், அங்கே வீட்டில் சமைக்கிறவர்கள் திறப்பது அதைத்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்க்கிறார்கள், அதுதான் விதி. கறி இல்லை என்று சொல்லிக் கொண்டுவரும் தக்காளி பாஸ்தாவில் நெத்திலி மாதிரியான ‘அச்சூகே’ மீன் கரைந்திருக்கலாம். இந்தச் சொல்லையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர்?

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உலகிலேயே அதிக இடம் வைத்திருக்கும் நாடு இத்தாலி, அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பட்டியலை வரைபடத்தோடு யுனெஸ்கோ தளத்தில் பார்க்கலாம். அரசின் சுற்றுலாத் தளம் இதாலியா டாட் இட். மேலோட்டமாக ஊர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 2023-ல் சுற்றுலா அமைச்சகம் போத்திச்செல்லியின் வீனஸுக்கே நவீன உடை மாட்டி, பீட்சா தின்னவைத்து ஒரு விளம்பரம் செய்தது, அந்தக் காணொளியில் இத்தாலி என்று காட்டிய ஒரு காட்சி ஸ்லோவேனியாவில் எடுத்தது என்று தெரிந்து ஊரே சிரித்தது.

ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். நமக்கென்று சில கிளைவழிகளும் இருக்கின்றன, அவற்றை இணையத்தில் பிடித்துக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த சிவப்புப் பளபளப்புப் பாண்ட ஓடுகளை அரெட்டைன் என்கிறோமே, அந்தப் பெயர் டஸ்கனியில் இருக்கும் அரேத்சோ ஊரால் வந்தது. ரோமில் மிளகுக்கென்றே தனியாகக் கிடங்கு கட்டியிருந்தார்கள், ‘ஹொர்ரெயா பிப்பெராத்தாரியா’ என்று தேடுங்கள், பழைய ரோமின் நடுச் சதுக்கமான ஃபோரத்தில், மாக்ஸென்டியஸ் மண்டபத்துக்கு அடியில் அதன் எச்சம் கிடக்கிறது. நம் மேற்குக் கரையிலிருந்து போன மிளகு அங்கே குவிந்திருக்கிறது. பொம்பெயில் 1938-ல் இந்தியாவிலிருந்து போன தந்தப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. பொம்பெய் லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், லட்சுமிதானா என்பதில் சந்தேகம் உண்டு. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை ஊரை மூடியபோது அதுவும் மூடுண்டது என்பதால், அதற்கு முன்பே அது அங்கே போய்விட்டது என்பது உறுதி. இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வடக்கே மாந்துவாவுக்குப் பக்கத்தில் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்று வாயில் நுழையாத ஒரு ஊர், நம் வீரமாமுனிவர் 1680-ல் பிறந்தது அங்கேதான்.

டிக்கெட்

இங்கேதான் பணம் போகும் என்பதால் நிதானமாகப் படியுங்கள். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் டிக்கெட் பொத்தானை அழுத்துங்கள், அது உங்களை எந்தத் தளத்துக்குக் கூட்டிப்போகிறதோ அதுதான் சரியான விற்பனையாளர். விற்பனைத் தளத்தில் தொடங்கி அருங்காட்சியகத்தைத் தேடக் கூடாது. அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு மூசேய் இத்தாலியானி என்ற பொதுத் தளமும் செயலியும் இருக்கின்றன.

கொலோசியம் டிக்கெட் சுமார் ஒரு மாதத்துக்கு முன்னால் திறக்கும், அதில் உங்கள் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஆகவே பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரைப் போடுங்கள். நம் முன்னெழுத்து, அப்பா பெயர் விவகாரம் இருக்கிறதே, அதை இங்கே சுருக்கினால் அங்கே நின்று விளக்க வேண்டி வரும். பொம்பெயும் 2024 நவம்பரிலிருந்து பெயர் போட்ட டிக்கெட்டுக்கு மாறிவிட்டது, ஒரு நாளைக்கு 20,000 பேர்தான். ரோமின் போர்கேசே காட்சிக்கூடம் முன்பதிவு இல்லாமல் விடாது, இரண்டு மணி நேரம் ஆனதும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சிற்பி பெர்னினி செதுக்கிய அப்போலோ, தாஃப்னே சிலை அங்கேதான், தாஃப்னே என்ற அந்தப் பெண்ணின் விரல் நுனிகள் இலையாக மாறும் இடத்தில் பளிங்கு என்பதே மறந்துபோகும், இரண்டு மணி நேரம் பற்றாது. பாதுவா ஊரில் ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் தீட்டிய ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்துக்கும் முன்பதிவு கட்டாயம். முதலில் ஒரு கண்ணாடி அறையில் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, உங்களோடு வரும் ஈரத்தையும் தூசியையும் அடக்கிவிட்டுத்தான் உள்ளே பதினைந்து நிமிடம் விடுவார்கள். இராவுணவுக்கும் அதே பதினைந்து நிமிடம்தான்.

ரோமின் பாந்தியோன் ரொம்ப நாள் இலவசமாக இருந்தது, 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். பழைய பயணக் குறிப்புகளில் இலவசம் என்றே இருக்கும். எதைப் படித்தாலும் எழுதிய தேதியைப் பாருங்கள், இத்தாலியில் கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன.

அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். என்னைக் கேட்டால் தவிர்த்துவிடுங்கள், வரிசையிலேயே காலை போய்விடும். வத்திக்கான் மாதக் கடைசி ஞாயிறு இலவசம், மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். உஃபிட்சிக்கும் இராவுணவுக்கும் திங்கள் விடுமுறை, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். ஊர்களின் வரிசையை முடிவு பண்ணும் முன் இந்த விடுமுறைகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள், அதற்கு ஏற்றபடி ரயிலைப் போடலாம்.

வெனிஸுக்குப் பகலில் மட்டும் போய்த் திரும்புகிறவர்கள் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். 2024-ல் 29 நாட்களுக்கு 5 யூரோ என்று தொடங்கியது, 2025-ல் 54 நாட்கள் ஆயிற்று, கடைசி நேரத்தில் கட்டுகிறவர்களுக்கு 10 யூரோ. எந்தெந்த நாள் என்ற பட்டியல் நகராட்சித் தளத்தில் வரும். அங்கேயே ராத்தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விலக்குச் சீட்டை இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரிலிருந்து குளிர்காலம் வரை போகிறீர்கள் என்றால் நகராட்சியின் ‘சென்த்ரோ மரேயே’, அதாவது கடலேற்ற மையத்தின் பக்கத்தையும் பாருங்கள், எத்தனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

ரயில்

ட்ரெனித்தாலியா, இத்தாலோ என்று இரண்டே நிறுவனங்களைப் பார்த்தால் போதும். முன்னது அரசுடையது, பெரும்பாலான ஊர்களுக்குப் போகும், பின்னது தனியார், பெரிய நகரங்களுக்கு அதிவேக ரயில் மட்டும். இங்கேயும் பெயர்தான் பிரச்சினை. ஃபிளாரன்ஸ் என்று அச்சிட்ட பலகை எந்த நிலையத்திலும் இருக்காது, ஃபிரென்ட்சே என்றுதான் இருக்கும், நடு நிலையம் ஃபிரென்ட்சே சாந்தா மரியா நொவெல்லா. நேப்பிள்ஸ் என்றால் நாப்பொலி. வெனிஸுக்கு இரண்டு நிலையம், வெனேத்சியா மெஸ்த்ரே தரைப்பக்கம் இருப்பது, தீவுக்குள் இறங்க வெனேத்சியா சாந்தா லூச்சியா. மெஸ்த்ரேயில் இறங்கிக் கால்வாயைத் தேடினவர்கள் நிறையப் பேர். பொம்பெயின் இடிபாடுகளுக்கு நேப்பிள்ஸிலிருந்து சின்ன ரயிலில் போனால் பொம்பெய் ஸ்காவி என்ற நிலையத்தில் இறங்க வேண்டும், ஸ்காவி என்றால் அகழ்வு.

அதிவேக ரயிலில் முன்கூட்டி வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். வட்டார ரயிலுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை, அதற்காக ஒரு மாதம் முன்னால் அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் நுழைத்து முத்திரை போட்டாக வேண்டும், கைப்பேசியில் வாங்கியிருந்தால் ‘செக் இன்’ அழுத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுவீர்கள். ரயில் பற்றிய எல்லாச் சந்தேகத்துக்கும் சீட் 61 என்ற தளம் இருக்கிறது, ஒரே ஆங்கிலேயர் பல வருடமாக எழுதி வருவது, எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பது வரை படம் போட்டுச் சொல்வார்.

புறப்படும் வாரத்தில் ‘ஷோப்பெரோ’ என்று தேடிப் பாருங்கள். வேலைநிறுத்தத்தை அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள், போக்குவரத்து அமைச்சகத் தளத்தில் தேதி வாரியாகப் பட்டியல் இருக்கும். வேலை நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச வட்டார ரயில்கள் ஓடும் என்பது விதி, மாட்டிக்கொண்டால் அந்த நேரத்தைப் பிடியுங்கள்.

விசா பற்றி இரண்டு வரி. இத்தாலிக்கு வேண்டியது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். என்னென்ன தாள் வேண்டும் என்று இத்தாலிய வெளியுறவு அமைச்சகத்தின் விசா தளத்தில் நாட்டையும் காரணத்தையும் தேர்ந்தெடுத்தால் பட்டியலே தரும். திருப்பித் தராத டிக்கெட்டுகளை விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். விசா தாமதமாகி இராவுணவு டிக்கெட் வீணானால் வயிறு எரியும்.

கைப்பேசியில் ஏற்றிக்கொள்ள

நகர வரைபடங்களை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிக் ஸ்டீவ்ஸின் ஒலிவழிகாட்டிச் செயலி இலவசம். கொலோசியம், உஃபிட்சி, வத்திக்கான் எல்லாவற்றுக்கும் காதில் மாட்டிக்கொண்டே நடக்கலாம், அவருடைய ஜோக்குகளைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, டிக்கெட்டே வேண்டாத பட்டியல் ஒன்றையும் செய்துகொள்ளுங்கள். ‘கியேசா’, அதாவது தேவாலயம், என்ற சொல்லோடு ஓவியரின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடினால் வந்துவிடும். ரோமில் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசியில் கரவாஜ்ஜோவின் ஓவியங்கள் மூன்று, சாந்தா மரியா தெல் பொப்பொலோவில் இரண்டு, சான் பியெத்ரோ இன் வின்கொலியில் மிக்கலாஞ்சலோவின் மோசே சிலை, எதற்கும் காசு கிடையாது. மதியம் பூட்டிவிடுவார்கள், அதனால் நேரத்தைப் பார்த்துப் போங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். சில சிற்றாலயங்களில் ஓவியம் இருட்டில் கிடக்கும், பக்கத்தில் இருக்கும் பெட்டியில் நாணயம் போட்டால்தான் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் ஓரமாக நின்றால் யாராவது போடுவார்கள்.